பழைய மடிக்கணினியிலும் கையடக்க கேம் கருவியிலும் லினக்ஸ்: ஒரு முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. என் அக்கா வீட்டு மடிக்கணினி 2017-இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இன்டெல் சிப் என்றால் விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும் என்பதால் அந்தக் கணினிக்கு அனுமதி இல்லை. விசைப்பலகையில் ஒரு எழுத்துகூட அழியவில்லை, திரையில் ஒரு கீறல் இல்லை. அதைப் பரணில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ரேமை 8 ஜிபி ஆக்கினேன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி பொருத்தினேன், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை நிறுவினேன். இன்றுவரை அக்கா அதில்தான் வேலை செய்கிறார். அதே வீட்டில் அக்கா மகன் கையில் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி இருக்கிறது. அதற்குள் ஓடுவதும் லினக்ஸ்தான்.

இந்த இரண்டு கருவிகளையும் பராமரிப்பதில் நான் கற்றுக்கொண்டவற்றைப் படிப்படியாக எழுதுகிறேன். 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்த ஒரு சிறு முயற்சி இப்படி வளர்ந்த வரலாறு பெரியது. இங்கே பேசப்போவது சமையல் குறிப்பை அச்செடுப்பது, தமிழில் கடிதம் தட்டுவது, மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவது போன்ற அன்றாட வேலைகளைப் பற்றி மட்டும்.

படி 1: எது ஓடாது என்று முதலில் கேளுங்கள்

லினக்ஸுக்கு மாறி ஏமாந்து திரும்பியவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். எல்லோரும் "இதில் என்னவெல்லாம் செய்யலாம்" என்று கேட்டுவிட்டு மாறியவர்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். நீங்கள் விட முடியாத ஒரு மென்பொருள் எது, அது லினக்ஸில் ஓடுமா? அதற்குப் பதில் "ஓடாது" என்றால் மீதி தொண்ணூற்றொன்பது ஓடியும் பயனில்லை.

ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் கணினியில் திறந்த மென்பொருள்களை எல்லாம் எழுதுங்கள். பிரவுசர், வீடியோ, பிடிஎஃப், மின்னஞ்சல், வங்கி இணையதளம் ஆகியவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். வேர்டு, எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திறக்கும். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பு என்றால் மட்டும் தனியாகச் சோதியுங்கள். ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், டேலி ஆகியவை லினக்ஸுக்கென்று வெளிவருவதில்லை. அவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துபவர் அந்தக் கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. ஜிஎஸ்டி தாக்கலுக்கு யுஎஸ்பி டோக்கனில் மின்னணுக் கையொப்பம் வைத்திருப்பவர்களும் அவசரப்படக் கூடாது. மாதக் கடைசித் தேதியில் அந்த டோக்கனை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேம்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கறாரானது. வேலரண்ட், ஃபோர்ட்நைட், பப்ஜியின் கணினிப் பதிப்பு, அண்மைக்கால கால் ஆஃப் டியூட்டி ஆகியவை லினக்ஸில் ஓடாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க அவை பயன்படுத்தும் காவல் மென்பொருள்கள் லினக்ஸில் அனுமதிக்கப்படவில்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்பு ஓடியது, 2024 அக்டோபர் இறுதியில் அதையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் பிள்ளை விளையாடுவது வேலரண்ட் ஒன்றுதான் என்றால், ஸ்டீம் டெக் வாங்கிக் கொடுப்பது பணத்துக்கும் பிள்ளையின் மகிழ்ச்சிக்கும் நட்டம். கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே பதிப்பு வைத்திருப்பவை. தனி ஆளாக விளையாடும் கேம்களில் மிகப் பெரும்பாலானவை ஓடுகின்றன.

படி 2: கணினியை ஆயத்தப்படுத்துங்கள்

உங்கள் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாகவே கணக்கில் வைப்பதில்லை.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் நிறுவுவதானால் இரண்டு வேலைகள் உண்டு. வட்டைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் குறியாக்கம் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை நீக்கிவிடுங்கள். அடுத்து, மின் அமைப்புகளில் உள்ள வேகத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ், விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியை (பகிர்வை) படிக்க மட்டுமே செய்யும், எழுதாது.

ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் ஒரே ஒரு செலவு செய்ய முடியுமானால் அதை எஸ்எஸ்டியில் செய்யுங்கள். லினக்ஸ் போட்டதும் கணினி பறக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பறந்தது எஸ்எஸ்டியால்தான். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டால் அதுவே காப்புப் பிரதிக்கான இடமாகிவிடும். அக்காவின் பழைய விண்டோஸ் இன்றும் அந்த உறைக்குள் அப்படியே இருக்கிறது.

படி 3: எந்த லினக்ஸ்?

மடிக்கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். 2006-இல் தொடங்கிய இது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழ் மூலையில் கடிகாரம் என்று விண்டோஸுக்குப் பழகிய கை தடுமாறாத முகப்பு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமிலும் மின்ட் நிறுவப்படும். ஆனால் இன்றைய பிரவுசரில் மூன்று தாவல்கள் திறந்தால் மூச்சு வாங்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

தமிழ்நாட்டில் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில்தான். அந்தக் கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்து அதற்குள் நுழைந்து, பயந்து அணைத்தவர்கள் நிறையப் பேர். அந்த நினைவோடு இன்றைய மின்ட்டை எடைபோட வேண்டாம்.

கையடக்கக் கருவிக்கு: ஸ்டீம் டெக்கில் வரும் ஸ்டீம்ஓஎஸ்ஸை மாற்றாதீர்கள். ஆசஸ் ராக் ஆலை போன்ற விண்டோஸ் கருவி வைத்திருப்பவர்கள் ஃபெடோரா என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, கேம்களுக்கான பசைட்டை முயன்று பார்க்கலாம். லெனோவோ லீஜன் கோ எஸ்-இன் ஒரு வகை 2025-இல் ஸ்டீம்ஓஎஸ்ஸுடனேயே விற்பனைக்கு வந்தது.

படி 4: பென்டிரைவ்

8 ஜிபி பென்டிரைவ் போதும். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி. இறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இணையம் இடையில் அறுந்தால் கோப்பு முடிந்ததுபோல் தோன்றும், நிறுவும்போது பாதியில் நிற்கும். பலர் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மாலை முழுவதும் காரணம் தேடுவார்கள்.

விண்டோஸில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு அதைப் பென்டிரைவில் எழுதுங்கள். சாதாரணமாகக் கோப்பை நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தவை எல்லாம் அழிந்துவிடும்.

கணினியை அணைத்துவிட்டு, இயக்கும்போது தொடக்க மெனு விசையை விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஆசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசர் கணினிகள் பலவற்றில் எஃப்2 அழுத்தி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, எஃப்12 மெனுவை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

படி 5: நிறுவாமலே அரை நாள் பயன்படுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரு படியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கும்போது வட்டில் எதுவும் மாறுவதில்லை. முழு லினக்ஸும் நினைவகத்தில் ஓடுகிறது. நிறுவு என்ற சின்னத்தைத் தொடாமல், உங்கள் கணினியின் ஒவ்வொரு உறுப்பையும் சோதிக்கலாம்.

வைஃபை இணைகிறதா என்று முதலில் பாருங்கள். இணையாவிட்டால் பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். எந்த டிரைவரும் இல்லாமல் இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேலாளர் மூலம் வைஃபைக்கு வேண்டியதை இறக்கலாம். அடுத்து ஒலி, மைக், கேமரா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள், ஹெட்போன் துளை, புளூடூத். பிறகு மூடியை மூடி இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கிய கணினி எழுந்திருக்க வேண்டும். இந்தச் சோதனையை மறப்பவர்கள் பின்னாளில் பையிலிருந்து சூடான மடிக்கணினியை எடுப்பார்கள்.

கடைசியாக அச்சுப்பொறி. வைஃபையில் இயங்கும் அண்மைக்கால அச்சுப்பொறிகள் டிரைவரே இல்லாமல் தாமாகப் பட்டியலில் வந்துவிடும். எச்பி கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. நம்மூர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறைந்திருக்கும் கேனான் எல்பிபி 2900 போன்றவை கேப்ட் என்ற தனி மொழியில் பேசுபவை. அவற்றுக்கு லினக்ஸ் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், அது ஒரு மாலை வேலை. அதற்கு ஆயத்தமாக இருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

படி 6: நிறுவுதல்

நிறுவியைத் திறந்ததும் மொழி கேட்கும். தமிழையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் மொழிபெயர்ப்பு சில இடங்களில் முழுமையாக இல்லை. நான் முகப்பை ஆங்கிலத்தில் வைத்து, தட்டச்சைத் தமிழில் வைக்கிறேன். மல்டிமீடியா கோடெக்குகள் (பாட்டும் வீடியோவும் ஓடத் தேவையானவை) வேண்டுமா என்ற பெட்டியில் குறியிடுங்கள்.

அடுத்த திரைதான் முக்கியமானது. முழு வட்டையும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்று கேட்கும். இரண்டு வட்டுகள் இருந்தால் எதில் நிறுவுகிறோம் என்பதை அளவை வைத்து உறுதிசெய்யுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டும் இருக்கும் கணினியில் அந்த எண் ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றும். இந்த இடத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டே அழுத்த வேண்டாம்.

வட்டே பட்டியலில் வரவில்லையா? பயாஸில் சேமிப்பக முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கலாம். அதை ஏஎச்சிஐ ஆக மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் அதற்கு முன் விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்துவிட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

தொடங்கும்போது கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி இயங்கும் கணினியில் நிறுவி ஒரு கடவுச்சொல்லைக் கேட்டால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை தொடங்கும்போது நீலத் திரை ஒன்று சில நொடிகள் வரும். அது பிழைத் திரை அல்ல. அதில் சாவியைச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். பயந்து தவறவிட்டால் என்விடியா போன்ற டிரைவர்கள் இயங்காது.

இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குள் போகும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருப்பதைக் காணலாம். லினக்ஸ் கணினிக்குள் உள்ள கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமென்று படிக்கிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையின் உள்ளூர் நேரத் தெரிவை இயக்கினால் இருவரும் ஒரே நேரம் சொல்வார்கள்.

படி 7: முதல் ஒரு மணி நேரம்

புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். டிரைவர் மேலாளரைத் திறந்து பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருப்பதை நிறுவுங்கள். பிறகு இயங்குதளத்தின் நகலை எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டைத் திறந்து, நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று நகல்கள் என்று அமையுங்கள். ஏதோ ஒரு புதுப்பிப்புக்குப் பின் ஒலி போய்விட்டது என்றால் நேற்றைய நகலுக்குத் திரும்பிப் பத்து நிமிடத்தில் வேலையைத் தொடரலாம். டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை மட்டும். உங்கள் படங்களையும் கடிதங்களையும் அது காக்காது என்பதால் வெளி ஹார்ட் டிஸ்க்கின் வேலை அப்படியே தொடரும்.

மென்பொருள்களை இணையத்தில் தேடி இறக்கும் விண்டோஸ் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மென்பொருள் மேலாளரில் தேடி, நிறுவு என்பதை அழுத்தினால் போதும். எங்கோ ஒரு தளத்தில் பார்த்த கட்டளையை, அது என்ன செய்கிறது என்று தெரியாமல், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் ஒட்டவே ஒட்டாதீர்கள். நான் பார்த்த கெட்டுப்போன லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவை அப்படிக் கெட்டவை.

படி 8: தமிழ்

தமிழைப் படிப்பதில் சிக்கல் இல்லை. எழுதத்தான் சில அமைப்புகள் வேண்டும்.

மென்பொருள் மேலாளரில் பிற மொழிகளைத் தட்ட உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவுங்கள். மெனுவில் உள்ளீட்டு முறை என்ற கருவியைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்த்து, அதில் தமிழ்99 விசைப்பலகை முறையையோ, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் ஒலிபெயர்ப்பு முறையையோ தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

விசைப்பலகை அமைப்புகளிலேயே தமிழ் தளவமைப்பு இருக்கிறதே, அதைச் சேர்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம். ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற நேர்க்கணக்கு மட்டுமே. தமிழ்99-இன் சிறப்பு, அது புள்ளியைத் தானே வைப்பதில் இருக்கிறது. ஐபஸில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் "அம்மா" வந்துவிடும். ஒரே மெய்யை இருமுறை தட்டும்போது முதல் மெய்க்குத் தானாகப் புள்ளி விழும். ங-வை அடுத்து க வந்தாலும் அப்படித்தான். ஒலிபெயர்ப்பு முறையிலிருந்து தமிழ்99-க்கு மாற எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவின் கணினியில் நான் எதிர்பாராத சிக்கல் வேறொன்று. நிறுவி முடித்த மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் எழுதி வைத்த கடிதமெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறதே, கணினி கெட்டுவிட்டதா?"

"கெடவில்லை அக்கா. அது எந்த எழுத்துருவில் அடித்தது?"

"பாமினிதான். டிடிபி மையத்தில் கற்றுக்கொண்டது."

அதுதான் காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தியவை. கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. முகமூடி இல்லாத கணினியில் "அம்மா" இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நிற்கும். பழைய வட்டிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்து, இருமுறை சொடுக்கி நிறுவியதும் கடிதங்கள் எல்லாம் திரும்பின. ஆனால் அத்தோடு விடவில்லை. வேண்டிய கோப்புகளை ஒவ்வொன்றாக எழுத்துரு மாற்றிக் கருவியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றாமல் வைத்த கோப்பில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது, போனில் படிக்கவும் முடியாது.

லிப்ரே ஆபீஸில் இன்னொரு நுணுக்கம். அது தமிழைச் சிக்கலான எழுத்து வரிசை என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. மொழி அமைப்புகளில் அந்த வகையை இயக்கி, மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துரு அளவை எவ்வளவு மாற்றினாலும் ஆங்கிலம் மட்டும் பெரிதாகித் தமிழ் அப்படியே நிற்கும் குழப்பம் வரலாம். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் தட்டிய கடிதத்தை இங்கே திறந்தால் வரிகள் இடம்பெயர்ந்து, மூன்று பக்கம் மூன்றரை ஆகும். எழுத்துரு மாற்று அட்டவணையில் அவற்றுக்கு ஈடாக நோட்டோ சான்ஸ் தமிழைக் குறித்து வைக்கலாம். அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது அதைவிட நல்லது.

தமிழிலேயே லினக்ஸைப் படிக்க விரும்புபவர்களுக்குக் கணியம் அறக்கட்டளை வெளியிட்டுள்ள இலவச மின்னூல்கள் இருக்கின்றன. நானும் அவற்றில் படித்தவன்தான்.

படி 9: மடிக்கணினியில் கேம்கள்

2018 ஆகஸ்டில், ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை வெளியிட்டது. 1993-இல் தொடங்கிய ஒயின் என்ற திறந்தமூலத் திட்டம்தான் அதன் முதுகெலும்பு. விண்டோஸ் கேம் இயங்குதளத்திடம் கேட்பதை ஒயின் லினக்ஸுக்குப் புரியும்படி சொல்கிறது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸில் வரும் வரைகலைக் கட்டளைகளை, டிஎக்ஸ்விகே என்ற பகுதி லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற வரைகலை முறைக்கு மொழிபெயர்க்கிறது. இதனால்தான் வல்கனை முழுமையாக ஆதரிக்காத சிப்பில் புரோட்டான் தடுமாறும். நான்காம் தலைமுறை இன்டெல் சிப்பின் உள்ளமை வரைகலையில் பெரும்பாலான கேம்கள் தொடங்கவே தொடங்காது. ஆறாம் தலைமுறை முதல் வல்கன் நன்றாக இருக்கிறது. வேகம் குறைவு என்பதால் சிறிய கேம்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்டீமை நிறுவி, அமைப்புகளில் பொருந்துமை என்ற பகுதிக்குச் சென்று, எல்லாக் கேம்களுக்கும் ஸ்டீம் பிளே இயங்கட்டும் என்று குறியுங்கள். அண்மைப் பதிப்புகளில் அது இயல்பாகவே இயங்குகிறது. வாங்குமுன், எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று விளையாடியவர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் அந்தக் கேமின் பெயரைத் தேடுங்கள். தர முத்திரை பிளாட்டினம், கோல்டு என்றால் தயங்காமல் வாங்கலாம். வெண்கலம் (Bronze) என்றால் உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஒரு கேம் தொடங்காவிட்டால் அதன் பண்புகளில் புரோட்டான் எக்ஸ்பெரிமெண்டலைத் தேர்ந்து பாருங்கள். அதிலும் முடியாவிட்டால் புரோட்டான்அப்-கியூடி என்ற கருவி மூலம் புரோட்டானின் தனியார் மாற்றுப் பதிப்பான ஜிஇ-புரோட்டானை இறக்கி முயலுங்கள். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கிய கேம்களுக்கு ஹீரோயிக் என்ற மென்பொருள் இருக்கிறது.

விண்டோஸ் பகிர்வில் ஏற்கெனவே இறக்கிய கேம்களை அங்கிருந்தே லினக்ஸில் ஓட்ட நினைப்பது பலர் செய்யும் தவறு. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவை உருவாக்குகிறது. அதற்காக அது அமைக்கும் இணைப்புகளின் பெயரில் முக்காற்புள்ளி வரும். அந்தப் பெயர் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்புக்கு ஆகாது. எனவே கேம் நூலகத்தை லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பகிர்வில் வைத்துவிடுங்கள்.

படி 10: ஸ்டீம் டெக்

2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த கருவி இது. ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், 1280க்கு 800 திரை. 2023 நவம்பரில் ஓஎல்இடி திரையுள்ள வகை வந்தது. உள்ளே இருக்கும் ஸ்டீம்ஓஎஸ் 3, ஆர்ச் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது.

ஸ்டீம் கடையில் வால்வ் சோதித்த ஒவ்வொரு கேமுக்கும் சரிபார்க்கப்பட்டது, விளையாடலாம், ஆதரவில்லை என்ற முத்திரை இருக்கும். இரண்டாவது முத்திரையைக் கண்டு விலக வேண்டாம். எழுத்து சிறியது, ஓரிடத்தில் விசைப்பலகையை நாமே அழைக்க வேண்டும் என்பது போன்ற சிறு காரணங்களுக்காகவும் அந்த முத்திரை விழும். ஸ்டீம் பொத்தானோடு எக்ஸ் அழுத்தினால் திரை விசைப்பலகை வந்துவிடும்.

பேட்டரிக்கு வருவோம். முதல் வகையின் பேட்டரி 40 வாட்-மணி, ஓஎல்இடி வகையினது 50. மொத்தக் கருவியும் 20 வாட் இழுத்தால் முதல் வகை இரண்டு மணி நேரம்தான் தாங்கும், 10 வாட் என்றால் நான்கு மணி நேரம். எனவே எவ்வளவு இழுக்கிறது என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, செயல்திறன் பகுதிக்குச் சென்று, இந்தக் கேமுக்கு மட்டும் என்ற தெரிவை இயக்குங்கள். பிறகு நொடிக்கு எத்தனை படம் என்று குறிக்கும் பிரேம் வரம்பை 40-இல் வையுங்கள். 60 பிரேமில் ஒரு படம் திரையில் நிற்பது சுமார் 16.7 மில்லி நொடி, 30 பிரேமில் 33.3. 40 பிரேமில் அது 25, அதாவது இரண்டுக்கும் நட்டநடு. கண்ணுக்கு 60-ஐ நெருங்கி நிற்கும், பேட்டரிக்கு 30-ஐ நெருங்கி நிற்கும். இருபரிமாணக் கேம் என்றால் சிப் இழுக்கும் மின்சாரத்தின் வரம்பையும் (TDP) 5 அல்லது 6 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். திணறினால் ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். அக்கா மகன் பத்து நிமிடத்தில் இதைக் கற்றுக்கொண்டு, இப்போது தன் நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

மைக்ரோஎஸ்டி கார்டைக் கருவியின் அமைப்புகளிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் டெஸ்க்டாப் முறைக்கு மாறும் தெரிவு வரும். அங்கே இருப்பது கேடிஇ என்ற முகப்புடைய முழுமையான கணினி. திரையும் விசைப்பலகையும் இணைத்தால் கல்லூரி வேலைகூடச் செய்யலாம். டிஸ்கவர் என்ற கடையிலிருந்து பிரவுசர், லிப்ரே ஆபீஸ், ஹீரோயிக் எல்லாவற்றையும் ஃபிளாட்பேக் என்ற தனித்தொகுப்பு வடிவில் நிறுவுங்கள். இயங்குதளப் பகுதி படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டைத் திறந்து பேக்மேன் என்ற ஆர்ச் லினக்ஸ் நிறுவு கட்டளை மூலம் நிறுவியவை அடுத்த பெரிய புதுப்பிப்பில் அழிந்துவிடும். தமிழ் தட்ட, கேடிஇ-யின் விசைப்பலகை அமைப்பில் இந்திய மொழிகளின் கீழ் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். தானாகப் புள்ளி வைக்கும் வசதி அதில் இல்லை. குறுஞ்செய்திக்கும் தேடலுக்கும் போதும்.

படி 11: பழைய சேமிப்புகளைக் கொண்டுவருதல்

பல கேம்களில் நீங்கள் விளையாடிய நிலையின் சேமிப்பு ஸ்டீம் கிளவுடில் இருக்கும், தானாக வந்துவிடும். இல்லாதவற்றுக்கு இந்த வழி. கேமை லினக்ஸில் ஒருமுறை திறந்து மூடுங்கள், அப்போதுதான் போலி சி டிரைவ் உருவாகும். ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காம்பேட்டேட்டா இருக்கும். அதற்குள் எண்களே பெயராக உள்ள கோப்புறைகள். கேமின் எண்ணை அதன் கடைப் பக்க முகவரியில் பார்க்கலாம். அந்த எண்ணுக்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று இறங்கினால் விண்டோஸில் பார்த்த அதே டாக்குமெண்ட்ஸ் கோப்புறை காத்திருக்கும். பழைய கணினியில் சேமிப்பு எந்தக் கோப்புறையில் இருந்ததோ அதே இடத்தில் இங்கே ஒட்டுங்கள். அக்கா மகனின் மூன்று ஆண்டு விவசாயக் கேம் இப்படித்தான் டெக்குக்கு வந்தது. கோழிகளின் பெயர்கள்கூட மாறவில்லை என்று ஓடிவந்து காட்டினான்.

படி 12: மீட்பு பென்டிரைவ்கள்

மின்ட் எழுதிய பென்டிரைவை அழிக்காதீர்கள். கணினி தொடங்காத நாளில் அதிலிருந்து தொடங்கி, கோப்புகளை எடுக்கலாம், டைம்ஷிஃப்ட் நகலுக்கும் திரும்பலாம்.

டெக்குக்குத் தனியாக ஒன்று வேண்டும். வால்வ் தளத்தில் மீட்புக் கோப்பு கிடைக்கும், அதை 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் எழுதுங்கள். டெக்கில் இருப்பது யுஎஸ்பி-சி துளை ஒன்றுதான் என்பதால் அதற்கேற்ற பென்டிரைவோ மாற்றியோ தேவை. கருவியை அணைத்துவிட்டு, ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி பவர் பொத்தானை அழுத்துங்கள். ஓசை கேட்டதும் கையை எடுத்தால் தொடக்கப் பட்டியல் வரும். அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே முழுவதையும் அழிக்கும் தெரிவு ஒன்று, கேம்களை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மறுபடி நிறுவும் தெரிவு ஒன்று இருக்கும். முதலில் இரண்டாவதை முயலுங்கள். இரண்டு பென்டிரைவ்களிலும் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, மடிக்கணினிப் பையின் ஒரே அறையில் வையுங்கள். அக்கா வீட்டில் அவை அங்கேதான் இருக்கின்றன.